ரத்தோட்டை மலையில் விழுந்த காற்று

கலேவெல பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை வாசலில், மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, வானத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி நான் உட்கார்ந்தபோது காலை ஏழு மணி. பெப்ரவரி மாதம். பெரும்போக அறுவடை முடிந்து வீதியோரமெல்லாம் நெல் காயப்போட்டிருந்தார்கள். குருநாகல் பஸ் நெல்லை மிதிக்காமல் வளைந்து போனது. தம்புள்ளை பஸ் மிதித்துக்கொண்டே போனது. பிளேன்டீ ஐம்பது ரூபாய், உளுந்து வடை அறுபது. கடைக்காரர் என்னைச் சுற்றுலா வந்தவள் என்று நினைத்து, சிகிரியாவுக்குப் போகும் வழியைச் சிங்களத்தில் இரண்டு தடவை விளக்கினார். நான் சிகிரியாவுக்கு வரவில்லை. வானத்திலிருந்து விழப்போகும் ஒரு பெட்டிக்காக வந்திருந்தேன். அதைச் சொன்னால் தேநீர் தருவதை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

விடியற்காலையில் பொலன்னறுவைப் பக்கத்து மைதானம் ஒன்றிலிருந்து எங்கள் ஆட்கள் பலூனைப் பறக்கவிட்டிருந்தார்கள். அதில் தொங்கிய பெட்டிக்குள் இருந்தது ஓர் உருக்குக் குழாய். பென்சிலைவிட மெல்லியது, நூறு மீற்றர் நீளம், கம்பிச் சுருள் போலச் சுருட்டி வைத்தது. பலூன் அதை முப்பது கிலோமீற்றர் உயரத்துக்குத் தூக்கிப் போகும். போகப் போகக் குழாயில் உள்ள காற்று வெளியேறிவிடும். உச்சியில் பலூன் வெடித்ததும் பெட்டி பரசூட்டில் இறங்கும். இறங்கும் வழியில் உள்ள காற்று, திறந்திருக்கும் ஒரே முனை வழியாக அடுக்கடுக்காகக் குழாய்க்குள் நுழையும். தரையைத் தொட்டதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் கருவி, ஒரு மூடனுக்கும் விளங்கும். ஆனால் உள்ளே அடைபட்ட அடுக்குகள் சும்மா இருக்காது. மெல்ல மெல்லக் கலந்துவிடும். அதனால் விழுந்த நான்கைந்து மணித்தியாலங்களுக்குள் கண்டியிலுள்ள ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் நான் முதலில் சொல்லிப் புரியவைத்தது வேன் ஓட்டிய நஸீர் நானாவுக்கு. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். மாத்தளை நகரத்தவர். மிளகும் கிராம்பும் ஏற்றி இறக்கிப் பழகிய வேன், ஏறி உட்கார்ந்தாலே தும்மல் வரும். அன்றைய நாள் முழுவதற்கும் பதினெட்டாயிரம் ரூபாய் பேசியிருந்தோம்.

"அப்ப பெற்றோல் போலிம் மாதிரி செல்லுங்களே மிஸ்," என்றார். தட்டுப்பாட்டுக் காலத்து எரிபொருள் வரிசையைத்தான் சொன்னார். "முதல்ல வந்தவன் உள்ளுக்குப் போய் நிப்பான். கடைசியா வந்தவன் கேட்டடியில நிப்பான். அந்த ஓடர்லயே ஈக்கணும்."

"அதேதான் நானா."

"நேரம் போகப் போக ஆள் மாறிருவான். நான் ரெண்டு நாள் நின்டவன், எனக்குத் தெரியும்."

எங்கள் துறையில் பாடம் எடுப்பவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்தக் காற்று எனக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயணம் ஒரு பைத்தியக்காரியின் ஊர்சுற்றலாகத் தெரியும். நான் படிப்பது படைமண்டலத்தை. மழை, மேகம், இடி, மின்னல் எல்லாம் நம் தலைக்கு மேலே பதினாறு பதினேழு கிலோமீற்றரோடு முடிந்துவிடும். அதற்கு மேலே இருப்பது அமைதியான, வறண்ட, அடுக்கடுக்கான காற்று. அங்கே ஒரு காற்றுத் துண்டிடம் நீ எந்த ஊர் என்று கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, அதன் அடுக்குகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்ற இரண்டையும் பெருக்கினால் ஓர் எண் வரும். பொட்டென்ஷியல் வோர்ட்டிசிட்டி என்பார்கள். நான் எனக்குள் உட்சுழற்சி என்று சொல்லிக்கொள்வேன். காற்றுத் துண்டை மேலும் கீழுமாக நீட்டினால் வேகமாகச் சுழலும், அடுக்குகள் விலகும். நசுக்கினால் சுழற்சி குறையும், அடுக்குகள் நெருங்கும். பெருக்கி வந்த எண் மட்டும் மாறாது. சூடேறாமல், உராயாமல் இருக்கும்வரை அந்த எண்ணைச் சுமந்துகொண்டே வாரக்கணக்கில் திரியும். துருவத்துக் காற்றுக்குப் பெரிய எண். பூமத்தியரேகைக் காற்றுக்கு ஏறக்குறைய பூச்சியம். பிறந்த இடத்தின் அடையாளத்தைப் போகுமிடமெல்லாம் சுமப்பது என்றால் என்னவென்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

இலங்கைக்கு மேலே அந்த எண் எப்போதும் சின்னதாகவே இருக்கும். அந்த வாரம் அப்படி இல்லை. வடக்கே காற்றில் எழுந்த பேரலை ஒன்று மடிந்து உடைந்து, குளிர்ப்பிரதேசக் காற்றிலிருந்து ஒரு நாக்கு கிழிந்து, இந்தியாவைத் தாண்டி நம் தலைக்கு மேலே இருபத்தைந்து கிலோமீற்றரில் நீண்டு கிடப்பதாக என் வரைபடம் காட்டியது. என் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தெற்கே வராது. இது கணினி காணும் கனவு," என்றார். நல்ல மனிதர், கெட்டதையும் நிதானமாகச் சொல்வார். குழாயில் அந்த உயரத்துக் காற்று மட்டும் மீத்தேன் வழக்கத்தைவிடக் குறைந்து இருந்தால் அது வெகுகாலம் வேறெங்கோ கிடந்த பழைய காற்று; நாக்கு உண்மை. இல்லையென்றால் கனவு. என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. எங்களிடம் இருந்த குழாய்கள் இரண்டு. முதலாவதை ஜனவரியில் கடல் எடுத்துக்கொண்டது. அன்று பறந்தது இரண்டாவது. இனி இல்லை.

எட்டு மணியளவில் திரையில் புள்ளி இறங்கத் தொடங்கியது. கலேவெலவின் வயல்வெளியில் விழும் என்று கணக்குப் போட்டுத்தான் அங்கே காத்திருந்தோம். புள்ளி தெற்கே போனது. மேலும் தெற்கே போனது. மாத்தளைக்குக் கிழக்கே மலைப் பக்கம் திரும்பி, ரத்தோட்டைக்கு மேலே ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"மிஸ்ட மொகம் போற போக்கப் பாத்தா கடல்லதான் விழுந்திச்சோ?" என்றார் நானா.

"ரத்தோட்டை நானா."

"அட, நம்மட பக்கம்! அங்க ஈந்து நானே எடுத்துட்டு வந்திருப்பேனே. சும்மா இஞ்ச வந்து வடை தின்டுட்டு."

எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான பாதை. வேன் புறப்பட்டபோதே கைத்தொலைபேசி அடித்தது. பெட்டியின் மேல் என் எண்ணை மூன்று மொழிகளிலும் ஒட்டியிருந்தேன்: ஆய்வுக் கருவி, ஆபத்தில்லை, தயவுசெய்து கழற்ற வேண்டாம்.

"மிஸ்ங்களா? நான் தோட்டத்து மேல் டிவிஷன் சங்கத் தலைவர் மோகன் பேசுறேங்க. உங்க பெட்டி நம்ம கவ்வாத்து மலையில விழுந்து கெடக்குங்க. குடை மாதிரி ஒண்ணும் சேர்ந்து விழுந்திருக்கு."

கவ்வாத்து மலை என்றால் செடிகளை வெட்டிவிட்ட தேயிலைப் பகுதி. மரத்தில் தொங்கவில்லை, ஓடையில் விழவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "தொடாதீங்க அண்ணே, கழட்ட வேண்டாம், நாங்க வந்துக்கிட்டு இருக்கோம்," என்றேன்.

"யாரும் கழட்ட மாட்டாங்க மிஸ். நான் பாத்துக்கிறேன். கவலப்படாம வாங்க."

தொலைபேசியை வைத்ததும் நானா, "அல்ஹம்துலில்லாஹ்," என்று ஹோர்னை ஒரு முறை அடித்தார். அந்த அரை மணித்தியாலம்தான் அன்றைய நாளில் நான் மனுஷியாக இருந்த நேரம். கண்ணாடியைத் திறந்துவிட்டு, வீதியோரத்து நெல்லையும் வாய்க்காலில் குளிக்கும் எருமைகளையும் பார்த்துக்கொண்டு போனேன்.

தம்புள்ளையில் அது முடிந்தது. காய்கறி மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்தின் வாசலில் கோவாவும் கரட்டும் ஏற்றிய லொறிகள் இரு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு லொறி பின்பக்கமாக வெளியே வரும்போது பூசணிக்காய் மூட்டை அவிழ்ந்து, பூசணிகள் ஏ ஒன்பது வீதியில் உருண்டோடின. எல்லோரும் இறங்கி ஆளுக்கொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். நானாவும் இறங்கி இரண்டைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி உள்ளேயே இருந்தேன். எனக்கு அந்த நேரத்தில் பூசணிக்காய் மேல் வந்த வெறுப்பு இன்னும் தீரவில்லை.

திரும்பி வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "மிஸ், ஒண்டு கேட்டா கோவிக்கக் கூடாது. அந்தக் காத்து வடக்குல ஈந்து வந்ததுண்டு தெரிஞ்சா, அதால என்ன நடக்கும்? மழை குறையுமா, கூடுமா?"

"நேரடியா ஒண்ணும் நடக்காது நானா. ஓசோன் எப்படிப் பரவுது, எரிமலைப் புகை எங்க போகும், குளிர்காலம் எப்படி மாறும், இதெல்லாம் அந்தக் கலப்ப வச்சுத்தான் கணக்குப் போடுறாங்க. நம்ம பக்கம் யாரும் அளந்து பாக்கல. வெள்ளைக்காரங்க வரைபடத்துல நம்ம தலைக்கு மேல ஒரே கலர் பூசி விட்டுருவாங்க."

"அப்ப உங்களுக்கு அந்தக் கலர மாத்தணும்."

"ஆமா. ஒரு சின்னக் கோடு போதும்."

அவர் சிரிக்கவில்லை. லொறிகளுக்கு நடுவே ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து வேனை நுழைத்தார்.

நாவுலை, நாலந்தா. பத்து மணி தாண்டியிருந்தது. பலாபத்வெலவுக்குப் பிறகு வீதியோரம் முழுக்க வாசனைத் திரவியத் தோட்டங்கள். பெரிய பஸ்களில் வந்த வெளிநாட்டவர்களுக்கு மிளகுக் கொடியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாத்தளை நகரத்தில் முத்துமாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்ததால் வீதியின் ஒரு பக்கத்தை மூடியிருந்தார்கள். நானா தனக்குத் தெரிந்த ஒவ்வொரு சந்துக்குள்ளும் புகுந்து வெளியே வந்தார். ஒவ்வொரு சந்தியிலும் யாராவது ஒருவர், "நானா, இந்த வெயில்ல எங்க?" என்று கேட்டார்கள். "வானம் விழுந்துட்டாம், பொறுக்கப் போற," என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். மீண்டும் மோகனை அழைத்துப் பார்த்தேன். இப்போது அவர் இருந்த இடத்தில் சிக்னல் இல்லை.

ரத்தோட்டைக்கு மேலே பாதை, பாதை என்று சொல்லும்படி இல்லை. போன புயலில் மண் சரிந்த இடத்தில் பாதி வீதி பள்ளத்துக்குள் போயிருந்தது. மிச்சப் பாதியில் சிவப்புக் கொடி நட்டு, ஒரு கல்லை வைத்திருந்தார்கள். கல்லுக்கு இப்பால் வேன், அப்பால் ஆகாயம். நானா ஓதிக்கொண்டே ஓட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த இடத்தைத் தாண்டியதும் தேயிலையும், இடையிடையே சாதிக்காய் மரங்களும், கீழே இரண்டு வரிசை லயங்களும் தெரிந்தன. தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். மேல் டிவிஷன் என்று மட்டும் எழுதுகிறேன். நேரம் பன்னிரண்டை நெருங்கியிருந்தது. கண்டிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம். கொஞ்சம் மங்கினாலும் நாக்கு தெரியும், தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்தில் இருபது முப்பது பேர் நின்றார்கள். நடுவில் ஒரு பலகை வாங்கு, அதன்மேல் வெள்ளைச் சீலை விரித்து, சீலையின்மேல் என் குழாய்ச் சுருள். பெட்டி தனியாக, பரசூட் நேர்த்தியாக மடித்துத் தனியாக. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். எனக்கு முதலில் தோன்றியது பெட்டிக்கு வெளியே சுருள் ஏன் இருக்கிறது என்பதுதான். பிறகுதான் சுருளின் இரண்டு முனைகளையும் பார்த்தேன். காற்று நுழையும் நீல முனையில் வால்வு திறந்திருந்தது. அடைத்து வைத்திருந்த சிவப்பு முனையின் மூடியைக் கழற்றிப் பக்கத்திலேயே பத்திரமாக வைத்திருந்தார்கள்.

தலைவர் மோகன் ஐம்பது வயதுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். அவசரத்தில் அதை எனக்காகவே போட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"பத்திரமா இருக்குங்க மிஸ். பெரிய கண்டத்துல இருந்து காப்பாத்தி வச்சிருக்கோம்."

"என்ன அண்ணே நடந்துச்சு?" என்றேன்.

"நாங்க தூக்கிட்டு வர்ற நேரத்துல கண்டாக்கையா வந்துட்டாருங்க." கண்டாக்கையா என்பது தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர். "பெட்டி ஒரு பக்கம் வெடிச்சிருந்திச்சு. உள்ளுக்கு இந்தச் சுருளப் பாத்துட்டாரு. அவ்வளவுதான். இது கசிப்புக் காய்ச்சுற சுருள், பொலிஸுக்குப் போன் போடுறேன்னு நின்னுட்டாரு. நாங்க உங்க நோட்டீஸக் காட்டினோம். நோட்டீஸ் யாரும் ஒட்டலாம்னு சொல்லிட்டாரு."

கசிப்பு என்பது கள்ளச் சாராயம். அதைக் காய்ச்சும்போது ஆவி குளிர்ந்து சொட்டுவதற்குச் சுருட்டிய உலோகக் குழாய் வேண்டும். என் வாழ்நாளில் அப்படிப்பட்ட சுருள்களை நான் ஆய்வுகூடத்தில் பார்ப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். இதை வடிவமைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்த எண்ணம் எனக்கு வரவில்லை.

"பொலிஸ் வந்தா என்ன ஆகும் மிஸ்? சாமானத் தூக்கிட்டுப் போய் ஸ்டேசன்ல போட்டுருவாங்க. அப்புறம் கோட்டுக்குப் போகும். உங்க சாமான் ஆறு மாசத்துக்குத் திரும்பாது. பெட்டியத் தூக்கிட்டு வந்த எங்க பொடியனுங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவாங்க. அதனால நான் சொன்னேன், கண்டாக்கையா, இதுல ஒரு சொட்டு சாராயம் இருந்திருந்தா மணக்கும்ல, நீங்களே பாருங்க. நாங்க ஒடைக்கல மிஸ். ரெண்டு பக்கமும் டேப் மாதிரி இருந்ததத் திறந்து, ஒரு பக்கத்துல ஊதிக் காட்டினோம்."

"ஊதினீங்க."

"லேசுல போகலைங்க. ரொம்ப நீளம் போல. மூணு பேர் மாத்தி மாத்தி ஊதினோம்." அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அந்தப் பக்கம் காத்து வந்துச்சு. மணம் இல்ல. அவரு வாயடைச்சுப் போயிட்டாரு."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பரிசு கொடுக்கும் நேரத்துக்குக் காத்திருப்பவர்களைப் போல.

"நல்லா இருக்கா மிஸ்? எங்கயும் நசுங்கலயே?"

"நல்லா இருக்கு அண்ணே," என்றேன். "நசுங்கல."

வேறு என்ன சொல்வது? போகவந்தலாவைப் பக்கம் நாங்கள் இருந்த லயத்தில், தண்ணீர் பாய்ச்சும் இறப்பர்க் குழாய் ஒன்றைக் கசிப்புக் குழாய் என்று சந்தேகித்து, தேட வந்த அதிகாரிகள் எங்கள் வரிசை முழுவதையும் மழையில் வெளியே நிறுத்தி வைத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா அந்தக் குழாயை எடுத்து, அதிகாரிகளுக்கு முன்னால் ஒரு முனையை வாயில் வைத்துத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துக் காட்டினார். குற்றமில்லை என்று காட்ட எங்களிடம் இருப்பது வாயும் மூக்கும்தான். இந்தக் கவ்வாத்து மலையில் என் அப்பா நின்றிருந்தாலும் ஊதித்தான் காட்டியிருப்பார். யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தேன். ஒருவரும் கிடைக்கவில்லை. கோபப்படக்கூட வழியில்லாமல் போனதுதான் எனக்கு அன்று தாங்க முடியாததாக இருந்தது.

தேநீர் கொடுத்தார்கள், சீனி தூக்கலாக. விருந்தாளிக்கு அப்படித்தான். குழாயைப் பெட்டிக்குள் வைக்கும்போது வால்வை மூடினேன், மூடியைத் திருகினேன். எதற்கு மூடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே இருந்தது மேல் டிவிஷன் ஆண்கள் மூன்று பேரின் மூச்சு. நானா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். போலிம் விளங்கிய மனிதர். திறந்திருந்த வால்வைக் கண்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

வேனில் ஏற்றும்போது ஒரு கேள்வி மட்டும் வாயில் வந்துவிட்டது. "அண்ணே, எந்த முனையில ஊதினீங்க?"

"நீலத்துலங்க. செவப்புல காத்து வந்துச்சு."

சிவப்பு முனையில்தான் உச்சிக் காற்று கிடந்தது. ஊத ஊத, முதலில் வெளியே தள்ளப்பட்டது அதுதான். முப்பதிலிருந்து தொடங்கி, இருபத்தைந்து கிலோமீற்றரின் நாக்கு, அதற்குக் கீழே உள்ளது எல்லாம், நுழைந்த வரிசை மாறாமல், ஒவ்வொன்றாக இந்தக் களத்தில் இறங்கிப் போயிருக்கிறது. "கண்டாக்கையாவா மோந்து பாத்தாரு?"

"அவரு கிட்ட வரலைங்க. நம்ம புஷ்பராணியப் பாக்கச் சொன்னாரு. அது பொய் சொல்லாது, அதோட மூக்கும் பொய் சொல்லாதுன்னு தோட்டத்துக்கே தெரியும்."

புஷ்பராணி நாற்பத்தைந்து வயதிருக்கும், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றிருந்தார். அவருடைய புருஷன் கசிப்பில் போய்ச் சேர்ந்தவர் என்பதைத் தலைவர் அவர் முன்னாலேயே சொன்னார். அவரும் ஆமாம் என்பது போல நின்றார். வீட்டுக்குள் நுழையும் முன்பே, லயத்து முனையில் வரும்போதே, அவன் குடித்திருக்கிறானா என்று கண்டுபிடித்துப் பிள்ளைகளை ஒளித்து வைத்துப் பழகிய மூக்கு அது.

"அக்கா, என்ன மணந்துச்சு?"

"ஒண்ணுமே மணக்கலைங்க மிஸ்."

"கொஞ்சங்கூட?"

அவர் யோசித்தார். கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் உண்மையாகவே யோசிக்கிற ஆட்கள் குறைவு. "மொதல்ல வந்தது ஒண்ணுமே இல்லைங்க. தேயிலை மணம் இல்ல, மண்ணு மணம் இல்ல, புகை இல்ல. அப்படி ஒரு காத்து இங்க கெடையாது. கொஞ்ச நேரம் அப்படியே வந்துச்சு. மூக்கு செத்துப் போச்சோன்னு நெனச்சேன். அப்புறம் லேசா கொழுந்து மணம் வந்துச்சு. அதுக்குப் பெறகு தலைவர் போட்டிருந்த வெத்தல மணந்துச்சு. சரி, மூக்கு இருக்குன்னு எழும்பிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் வெற்றிலைக் காவியேறிய பல்லைக் காட்டிச் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்துக் கறை படிந்து கறுத்த கை. ஏன் பிடித்தேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது. "இனி ஒண்ணும் பயமில்ல மிஸ், கொண்டு போங்க," என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

சரிந்த இடத்தைத் தாண்டினோம். "அவங்களுக்கு விசயத்தச் சென்னீங்களா?" என்று நானா கேட்டார்.

"இல்ல நானா."

"நல்லது." கியரை மாற்றிக்கொண்டே, "கண்டிக்கு நேரே போறதா?"

"மெதுவாப் போங்க. இனி அவசரமில்லை."

ரத்தோட்டைக்கு இறங்கியதும் சிக்னல் வந்தது. பேராசிரியர் நான்கு தடவை அழைத்திருந்தார். பகுப்பாய்வுக் கருவியைச் சூடேற்றித் தயாராக வைத்திருந்தார்களாம். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா? கனவு என்று சொன்னவரே எனக்காக மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"குழாய் கிடைத்ததா?"

"கிடைத்தது சேர். ஆனால் வால்வு திறந்துவிட்டது. மாதிரி இல்லை."

"யாராவது திறந்தார்களா?"

"இல்லை சேர். விழுந்த அடியில் திறந்திருக்கும்."

"பாவம், நீங்கள் என்ன செய்வீர்கள்! வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்," என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் நிதானமாகச் சொல்லிவிடுவார்.

மாத்தளையில் பந்தல்கால்களை நட்டு முடித்திருந்தார்கள். நானா வண்டியை நிறுத்தி இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தார். கலேவெலவில் குடித்ததும் ஐம்பது ரூபாய், இங்கேயும் ஐம்பது. என்னைக் காசு கொடுக்க விடவில்லை. நான் மடிக்கணினியைத் திறந்து புதிய வரைபடத்தைப் பார்த்தேன். நாக்கு நடுவில் மெலிந்து அறுந்து, இலங்கைக்கு மேலே இருந்த துண்டு வங்காள விரிகுடாப் பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்தது. இன்னும் சில நாட்களில் அதுவும் இழை இழையாகப் பிய்ந்து, சுற்றியுள்ள காற்றோடு கலந்து, தன் எண்ணை இழந்துவிடும். அதன்பிறகு அது இங்கே வந்து போனது என்று யாராலும் காட்ட முடியாது. வரைபடத்தில் நம் தலைக்கு மேலே மீண்டும் ஒரே நிறத்தைப் பூசிவிடுவார்கள்.

எங்கள் ஊரில் அன்று அப்பா தண்ணீரை உறிஞ்சிக் காட்டியதும் அதிகாரிகள் போய்விட்டார்கள். மேல் டிவிஷனில் புஷ்பராணி மணக்கவில்லை என்று சொன்னதும் கண்டாக்கையா போய்விட்டார். மலையில் அந்த மூக்கின் சாட்சியம் போதும், இரண்டு பேரைக் காப்பாற்றுவதற்கு. கீழே என் உலகத்தில் அது எதற்கும் போதாது. வடக்கிலிருந்து வந்த அந்தக் காற்றை, வந்த வரிசையிலேயே, ஒன்றுமில்லாததிலிருந்து கொழுந்து மணம் வரை, தன் மூக்கால் அளந்த ஒரே மனுஷி அவர். அந்த அளவீட்டை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கண்டி வரும்வரை பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.